முத்தம்மாவின் முழங்கை

மாமியார் ஒரு நிமிஷமாவது வாயை மூடிக்கொண்டு வரட்டும் என்றுதான் வினிதா நினைத்தாள். அதற்காக அவள் செய்ததும் பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஸ்கூட்டியின் கைப்பிடியை வெடுக்கென்று ஒரு முறுக்கு முறுக்கினாள், அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாத வேளை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசைகட்டி நின்றன. அவற்றை ஒட்டினாற்போல இருந்த இடைவெளியில் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் முத்தம்மா ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மீன் கழிவு அள்ளும் காலி அன்னக்கூடை.

முத்தம்மா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தையோ பாறை மீனையோ சனங்கள் அவள் முன்னால் கொண்டுவந்து போட்டால், செதில் சீவி, குடல் எடுத்து, கேட்ட பருமனில் துண்டு போட்டுத் தருவாள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அவளுடைய ஒரே மகன் பொன்ராஜ் விசைப்படகுக்குப் போகிறவன். போனால் வாரக்கணக்கில் கடல்தான். திருவொற்றியூர் குப்பத்து வீட்டில் பெரும்பாலும் இருப்பது மாமியாரும் மருமகளும் மட்டும். வினிதாவுக்கு ராயபுரத்தில் இறால் பதனிடும் கம்பெனியில் எடை போடுகிற வேலை. தன் சம்பளத்தில் அவள் வாங்கிய ஸ்கூட்டி அது. வாங்கின நாளிலிருந்தே முத்தம்மாவுக்கு அது ஆகவில்லை. ஆனாலும் அன்று ஷேர் ஆட்டோ கிடைக்காததால் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

"மெதுவா போடி. ஒன் பின்னால குந்துனா உசுரு கையில இல்ல."

"மெதுவாத்தான் அத்தே போறேன்."

"இன்னா மெதுவா? என் மவன் அங்க தண்ணில கெடந்து சாவுறான். இவளுக்கு இங்க வண்டி கேக்குது, வண்டி. உங்கம்மா இத்தத்தான் கத்துக்குடுத்துட்டுப் போனாளா?"

வினிதாவின் அம்மா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. பயந்து போகட்டும் என்ற நினைப்பு முழுசாக மனதில் எழுவதற்குள் கை முறுக்கிவிட்டது.

வண்டி துள்ளிப் பாய்ந்தது. முதலில் அன்னக்கூடை சாலையில் விழுந்து உருளும் சத்தம்தான் கேட்டது. பிறகுதான் பின்னால் பாரம் இல்லை என்பது வினிதாவுக்கு உறைத்தது.

திரும்பி ஓடி வந்தபோது முத்தம்மா சாலையிலேயே உட்கார்ந்திருந்தாள். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். முழங்கைக்குப் பின்புறம் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அதை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் இருந்தாள். அவ்வளவு நேரம் ஓடிய வாய் அடங்கிப்போயிருந்தது.

லாரிக்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். "இன்னாச்சும்மா? எவன் இடிச்சான்?"

வினிதா வாயைத் திறப்பதற்குள் முத்தம்மா சொன்னாள்: "நாயி. குறுக்க ஓடியாந்துச்சி."

சாலையில் நாய் எதுவும் இல்லை.

அரசு மருத்துவமனையிலும் அவள் அதையே சொன்னாள். எலும்பு மருத்துவர் அத்தாவுல்லா முதலில் அவளுடைய மணிக்கட்டில் நாடி பார்த்தார். விரல்களைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படம் எடுத்து வந்ததும் மயக்கம் கொடுத்து, இரண்டு பேராகப் பிடித்து இழுத்து மூட்டை உள்ளே தள்ளினார்கள். வினிதா திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. தன் உடம்புக்குள் எதுவோ அப்படி இடம் மாறியது போல அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மாவுக்கட்டு போட்ட பிறகு மருத்துவர் வினிதாவைக் கூப்பிட்டு படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"மூட்டு மட்டும் நழுவியிருந்தா உள்ள தள்ளிக் கட்டிட்டு அனுப்பிடலாம்மா. எலும்பு மட்டும் உடைஞ்சிருந்தாலும் ஒட்ட வெச்சிடலாம். இவங்களுக்கு எல்லாம் ஒண்ணாச் சேர்ந்திருக்கு. மூட்டு விலகியிருக்கு. இந்த எலும்போட தலை நொறுங்கியிருக்கு. இங்க முன்பக்கத்துல ஒரு நுனி உடைஞ்சிருக்கு. பக்கத்துல இழுத்துப் பிடிக்கிற நாரும் கிழிஞ்சிருக்கும். இப்போ உட்கார வெச்சிருக்கோம், ஆனா நிக்காது. ஆபரேஷன் பண்ணணும்."

"பழையபடி ஆயிடுமா சார்?"

அவர் படத்தை இறக்கி வைத்தார். "மீன் வெட்டறவங்கன்னு சொன்னாங்க. வேலை செய்யற அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கலாம். முழுசா நீட்ட வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. நொறுங்கிய எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். உடைந்த நுனியையும் கிழிந்த நாரையும் தைத்துப் பிடித்தார்கள். பொன்ராஜ் கரைக்கு வந்து நேராக மருத்துவமனைக்கு ஓடிவந்தான். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"எந்த நாயிம்மா அது?"

"தெருவுல போற நாயிக்குப் பேரா வெச்சிக்கீறாங்க? செவப்பா ஒண்ணு. போவட்டும் வுடு."

வார்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் முத்தம்மா அந்தச் சிவப்பு நாயின் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதற்கு வாலும் குரைப்பும் வந்து சேர்ந்தன. எல்லோரும் வினிதாவைப் பார்த்து, "நீ இன்னாம்மா பண்ணுவ, பாவம்," என்றார்கள். பொன்ராஜ், "ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அவள் தோளைத் தொட்டான். அந்தக் கைக்கு அடியில் அவள் கூசிப்போனாள். 'கண்டபடி வண்டி ஓட்டி என் கையை ஒடைச்சிட்டாள்' என்று மாமியார் ஊரைக் கூட்டியிருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். எதிர்த்துப் பேசியிருக்கலாம், அழுதிருக்கலாம். இந்த நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

தையல் பிரிப்பதற்கு முன்பே பயிற்சி ஆரம்பித்தது. பிசியோதெரபிஸ்ட் சினேகா சின்ன வயசுக்காரி, சிரித்த முகம். முத்தம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, கையைக் கூரையைப் பார்த்துத் தூக்கச் சொல்லி, அந்த நிலையில் முழங்கையை மடக்கி நீட்டச் சொன்னாள்.

"ரொம்ப நாள் அசைக்காம வெச்சா மூட்டு இறுகிடும்மா. அவசரப்பட்டா தெச்சது விட்டுடும். வலிக்கிற எல்லை வரைக்கும் நீங்களே அசைக்கணும்." பிறகு வினிதாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, முக்கியமா உங்களுக்குத்தான் சொல்றேன். யாரும் புடிச்சு இழுக்கக் கூடாது. எண்ணெய் தேய்க்கறது, நீவி விடறது, கூடவே கூடாது. முழங்கைக்கு அது ஆகாது."

"சரிம்மா," என்றாள் வினிதா. நன்றாகக் காதில் விழுந்தது. பின்னாளில் எனக்குத் தெரியாது என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு நன்றாகவே விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு கை என்றால் என்ன என்பது தெரிந்தது. முத்தம்மாவுக்கு ரவிக்கைக் கொக்கியை வினிதாதான் மாட்டிவிட வேண்டும். தலை வாரிவிட வேண்டும், குளிப்பாட்டிவிட வேண்டும். இடது கையால் சாப்பிடும்போது சோறு மடியெல்லாம் சிந்தும். அதைப் பொறுக்கி எடுக்கும் சாக்கில் முத்தம்மா குனிந்தே இருப்பாள். முன்பெல்லாம் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தெருமுனை வரை கேட்கும். இப்போது எதைப் போட்டாலும், "நல்லா கீதும்மா," என்றாள். அந்த 'ம்மா'வைக் கேட்கும்போதெல்லாம் வினிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயிற்சியை முத்தம்மா ஒழுங்காகத்தான் செய்தாள். ஆனால் கை அசைந்துகொடுக்கவில்லை. பாதி மடங்கும், பாதி நீளும், அங்கேயே நிற்கும். "இப்டித்தான் இருக்கும், மெதுவா வரும்," என்றாள் சினேகா. அக்கம்பக்கத்தார் வேறு மாதிரிச் சொன்னார்கள். "இப்டியே வுட்டா கையி மரக்கட்டையா பூடும். சூடா எண்ணெய வெச்சி நாலு தேய்ப்பு தேய்ச்சி இஸ்து வுடு, சரியாப் பூடும்."

ஒரு மத்தியானம் கம்பெனியிலிருந்து வந்த கையோடு வினிதா நல்லெண்ணெயைச் சூடு பண்ணினாள்.

கிண்ணத்தைப் பார்த்ததும் முத்தம்மா கேட்டாள்: "தேய்க்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே?"

"சும்மா லேசாத்தான் அத்தே."

முத்தம்மா மருமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

முதல் நாள் லேசாகத்தான் தேய்த்தாள். அடுத்த நாள் கொஞ்சம் அழுத்தினாள். அதற்கப்புறம் தலையணைமேல் கையை வைத்து, மணிக்கட்டைப் பிடித்து, தன் பாரத்தைக் கொடுத்துக் கீழே அமுக்கினாள். முத்தம்மா புடவை முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாள். நெற்றி நரம்பு புடைக்கும். வினிதா அழுதுகொண்டே அமுக்குவாள். "இன்னும் கொஞ்சம் அத்தே, இன்னும் கொஞ்சம்." முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது அவளுடைய தோளும் மணிக்கட்டும் விண்விண்ணென்று வலிக்கும். அந்த வலியில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அன்றைக்குத் தூக்கம் வரும். அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சில வாரங்களில் முழங்கை பொதபொதவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. பாதியாவது மடங்கிய கை இப்போது அதுவும் மடங்கவில்லை. சினேகா தொட்டுப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நேராக மருத்துவரிடம் அனுப்பினாள்.

புதிதாக எடுத்த படத்தில் மூட்டைச் சுற்றிப் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"எலும்பு வளரக் கூடாத இடத்துல வளருது," என்றார் அத்தாவுல்லா. "கையை யாராவது தேய்ச்சீங்களா? புடிச்சு இழுத்தீங்களா?"

"இல்ல சார்," என்றாள் முத்தம்மா சட்டென்று. "குளிக்கற எடத்துல கொஞ்சம் வயுக்கிடுச்சி. சொவுத்துல இடிச்சிகினேன்..."

நாய்க்குப் பிறகு இப்போது சுவர். வினிதாவால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"பொய் சார். நான்தான் தேய்ச்சேன். தெனம் தேய்ச்சேன். அமுக்கி இழுத்தேன். கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மருத்துவர் கோபப்படுவார் என்று வினிதா காத்திருந்தாள். அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. அடக்கிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

"செஞ்சிருக்கக் கூடாதும்மா. இவ்வளவு பெரிய அடிபட்ட மூட்டுல யாரும் தொடாமலே இது வளர்றதும் உண்டு. உங்களாலதான் வந்துச்சான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. உங்களால இல்லைன்னும் சொல்ல முடியாது. இப்போ ஒண்ணும் பண்ண முடியாது. வளர்ச்சி அடங்கற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் திறந்து எடுக்கணும்."

வெளியே வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று வந்து போகும்வரை வினிதா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ வலிச்சுதே அத்தே. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் அயுதுகினே தேய்ச்சியே," என்றாள் முத்தம்மா. "வேணான்னா இன்னும் அயுவ. தேய்ச்சி முடிச்சாக்க உன் மொகம் கொஞ்சம் தெளியும். சரி, தேய்ச்சிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

தன் நெஞ்சுக் குடைச்சலைத் தீர்த்துக்கொள்ள அந்தக் கையை வினிதா தலையணைமேல் வைத்து அமுக்கியிருக்கிறாள். முத்தம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தே நீட்டியிருக்கிறாள்.

"அன்னிக்கு நாயே இல்ல அத்தே. நான்தான் கோவத்துல வண்டிய..."

"தெரியும்டி." முத்தம்மா அவளை முடிக்க விடவில்லை. "பின்னால குந்திகினு இருந்தவளுக்குத் தெரியாதா? செத்துப்போன உங்கம்மாவ நடுரோட்டுல இஸ்தது என் வாயிதான. வாய்க்கொழுப்பு. கீயே வுயும்போதே நெனச்சேன், நீ முறுக்குனதச் சொன்னா நான் பேசுனதயும் சொல்லணும். அதான் நாயின்னேன். ரெண்டு பேருக்கும் தோதா இருந்துச்சி."

சொல்லிவிட்டு மருத்துவமனை வாசலைப் பார்த்தாள். "என் மேலயும்தான் தப்பு கீது. நீ மட்டும் மொத்தத்தயும் தூக்கிகினு திரியற. எனக்கு பேஜாரா கீது, வினிதா."

பொன்ராஜ் அடுத்த முறை கரைக்கு வந்தபோது வினிதா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியை, எண்ணெயை, நாய் இல்லாததை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனான். அந்த முறை வீட்டில் இருந்த நாட்களில் அவளோடு பேசவே இல்லை. படகுக்குக் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "அம்மாவுக்கு ஆபரேஷன் எப்பன்னு போன் பண்ணு. நான் வந்துடறேன்," என்றான். அதை மன்னிப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து நிற்க அவளால் முடிந்தது.

ஸ்கூட்டியை விற்றுவிடுவதாக அவள் சொன்னபோது முத்தம்மாவின் பழைய குரல் திரும்பிவந்தது. "வண்டிய வித்தா என் கையி நீண்டுருமா? இன்னா பேச்சு பேசற? வேலைக்கி நடந்தா போவ?" ஆனால் அவள் அதற்கப்புறம் அந்த வண்டியில் ஏறவில்லை. ஷேர் ஆட்டோவில்தான் போனாள். வினிதாவும் கூப்பிடவில்லை.

காத்திருந்த மாதங்கள் மெதுவாகப் போயின. இரண்டாவது ஆபரேஷனில் வேண்டாத எலும்பைச் செதுக்கி எடுத்து, இறுகிப்போன சவ்வை விடுவித்தார்கள். சொன்னபடி பொன்ராஜ் வந்து இரத்தம் கொடுத்தான். மறுபடியும் சினேகாவின் அறை, மறுபடியும் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துத் தூக்கும் கை.

"அக்கா, இந்தத் தடவை நீங்களும் ஒரு பயிற்சி செய்யணும்," என்றாள் சினேகா. "இந்த ஸ்டூல்ல உக்காந்து உங்க ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கோங்க. அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டாலும் எடுக்கக் கூடாது."

விளையாட்டாகத்தான் அவள் சொன்னாள். வினிதாவுக்கு அது எண்ணெய் தேய்த்ததைவிடக் கடினமாக இருந்தது. முத்தம்மாவின் உதடு கோணும். கை நடுநடுங்கிக்கொண்டு ஒரு விரல்கடை நகரும், நிற்கும். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தால் என்ன என்று உடம்பெல்லாம் துடிக்கும். விரல்களைக் கோர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலியில் முத்தம்மா முனகினால் அந்த வலி முத்தம்மாவுடையது. அதில் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொள்ள முடியாது. இதை ஏற்றுக்கொள்ள வினிதாவுக்கு நாளாயிற்று. சில நாள் ஸ்டூலில் இருக்க முடியாமல் வெளியே போய் நின்றுகொள்வாள்.

ஒரு காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தாள். முத்தம்மா தட்டில் இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, வலது கையைத் தூக்கினாள். கை நடுங்கியது. வாய் கைக்குக் கொஞ்சம் இறங்கி வந்தது, மிச்ச தூரம் கை ஏறிப் போனது. இட்லி உள்ளே போய்விட்டது. மென்றுகொண்டே நிமிர்ந்தவள் மருமகளைப் பார்த்தாள்.

"இன்னா பாத்துகினு நிக்கற? சட்னில உப்பே இல்ல. கண்ணு எங்க வெச்சிகினு அரைச்ச?"

வினிதா அடுப்படிக்குள் திரும்பிப்போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள்.

கை அதற்குமேல் பெரிதாக நீளவில்லை. மடங்குவது நன்றாக மடங்குகிறது. தலை வாரிக்கொள்ள, கொக்கி மாட்ட, மீனைப் பிடித்து அருவாமனையில் இழுக்க அது போதும். நீட்டும்போது மட்டும் கடைசிக் கொஞ்சம் வருவதில்லை. "இதோட வேலை செய்யலாம்மா. பாரம் மட்டும் தூக்காதீங்க," என்று அத்தாவுல்லா அனுப்பிவைத்தார். அந்தக் கடைசிக் கொஞ்சம் வண்டி முறுக்கியதால் போனதா, எண்ணெய் தேய்த்ததால் போனதா, எப்படியும் போயிருக்குமா என்று வினிதா இப்போதும் நினைத்துப் பார்ப்பாள். முத்தம்மா மாடத்திலிருந்து எதையாவது எடுக்கக் கை நீட்டி, எட்டாமல், இடது கைக்கு மாற்றும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து நிற்கும்.

முத்தம்மா காசிமேட்டுக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை வினிதாவும் கூடப் போனாள். வஞ்சிரம் வரத்து நன்றாக இருந்தது, கூட்டம் நெருக்கியது. பழைய இடத்தைப் பக்கத்துக்காரி விட்டுவைத்திருந்தாள். முத்தம்மா உட்கார்ந்து, முதல் மீனை எடுத்து, செதில் சீவ ஆரம்பித்தாள். வேகம் முன்புபோல் இல்லை. காத்திருந்த ஆள் ஒருவன், "ஜல்தியா ஆவட்டும் ஆயா," என்றான். "நீ வந்து குந்தி வெட்டுறியா? ஆளப் பாரு!" என்று அவனுக்குப் பதில் போனது. சுற்றிலும் சிரித்தார்கள்.

கழிவு நிறைந்த அன்னக்கூடையை ஒரு ஓரமாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. முத்தம்மா எழுந்து இடது கையால் ஒரு காதைப் பிடித்தாள். வினிதா முழுசாகத் தானே தூக்கிக்கொள்ளப் பாய்ந்து வந்தாள்.

"ஏய், மொத்தத்தயும் புடுங்காத. அந்தப் பக்கம் புடி."

வினிதா அந்தப் பக்கத்துக் காதைப் பிடித்தாள். இருவரும் தூக்கினார்கள். உயரம் ஒத்துவராமல் கூடை ஒரு பக்கம் சாய்ந்து, மீன்தண்ணீர் வினிதாவின் பாதத்தில் கொட்டியது.

"பாத்து நடடி," என்றாள் முத்தம்மா.